அதிரச மாவு எண்ணெயில் பிரிஞ்சு போகுது, எப்படி மீட்கலாம்?

நாளை மறுநாள் தீபாவளி. மாவு கிளறினது மாமியார், வயசு 74. "கைப்பதம் போயிடுச்சு"ன்னு நேத்துலேர்ந்து அடுப்படிப் பக்கமே வரலை. அதனால மாவைக் கொட்டிட்டு கடையில வாங்குற யோசனை வேண்டாம். மத்த பலகாரத்தை ஏற்கனவே அஞ்சுலேர்ந்து ரெண்டாக் குறைச்சாச்சு, அதுல வருத்தம் இல்லை.

மாவு பச்சரிசி 1 கிலோ, 2 மணி நேரம் ஊறி, நிழல்ல உலர்த்தி, ஈரத்தோட அரைச்சது. பாகு வெல்லம் 800 கிராம். உருட்டுப் பதம் (தண்ணியில விட்டா கையில உருட்ட வர்ற பதம்) வர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். மாவு ஊறி 2 நாள் ஆச்சு. இலையில தட்டினா ஒழுங்கா நிக்குது. எண்ணெயில போட்ட உடனே ஓரம் வலை மாதிரி விரிஞ்சு, நுரை பொங்கி, அடியில கசடா தங்குது.

தீயைக் குறைச்சு, கூட்டி ரெண்டும் பார்த்தாச்சு. ஈர அரிசி மாவு 100 கிராம் பிசைஞ்சேன், அஞ்சுல ரெண்டு நின்னுச்சு. ஒரு உருண்டைக்கு மட்டும் 2 ஸ்பூன் கோதுமை மாவு சேர்த்தப்ப பிரியலை, ஆனா ஆறினதும் தோல் மாதிரி இழுக்குது.

மீதி மாவு ஒன்றரைக் கிலோ இருக்கும். புதுசா கெட்டிப் பாகு காய்ச்சி, ஈர மாவோட கிளறி இதுல கலந்தா சரியாகுமா, ஆகும்னா எந்த அளவுல?