‘அழியா நினைவக’த்தை அழிப்பது எப்படி?

வணக்கம்.

கம்பியில்லா உணரிகளில் தரவைப் பத்திரமாக வைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலேயே முட்டிக்கொண்டது. மின்சாரம் போனாலும் தரவை விடாத நினைவகத்துக்கு (non-volatile memory), பலர் சொல்வதுபோல, ‘அழியா நினைவகம்’ என்று போட்டிருந்தேன். அதில் ஒரு வகையான ஃப்ளாஷை விளக்க வந்ததும் இப்படி ஒரு வாக்கியம் விழுந்தது: “அழியா நினைவகத்தில் எழுதுமுன் அதன் பக்கத்தை அழிக்க வேண்டும்.” நானே சிரித்துவிட்டேன்.

ஆனால் ஃப்ளாஷில் அழிப்பது அன்றாட வேலை. ‘பக்கம்’ என்பது ஒரேயடியாக அழிக்கப்படும் தொகுதி. அழித்த பக்கத்தில் எல்லா பிட்டும் 1. எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்க முழுப் பக்கத்தையும் அழித்தாக வேண்டும். அந்த வினைக்கு ‘அழி’யை விட்டால் வேறு நல்ல சொல் கிடையாது. ஆகவே பெயர்தான் மாற வேண்டும்.

‘நிலை நினைவகம்’ பார்த்தேன். நிரலில் ஏற்கெனவே எங்கு திரும்பினாலும் ‘நிலை’ (state), சரிப்படாது.

என் பரிந்துரை ‘தங்கு நினைவகம்’. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. எதிர்ச்சொல்லும் கையோடு வருகிறது: ‘தங்கா நினைவகம்’. தங்குகிறவர் ஒரு நாள் கிளம்பிவிடுவாரே என்று கேட்பீர்கள். தரவும் கிளம்பத்தான் செய்கிறது! ஏடிமெகா 328பி (ATmega328P) என்ற நுண்கட்டுப்படுத்திச் சில்லின் தரவேடு (datasheet) 25 பாகை செல்சியஸில் 100 ஆண்டு, 85 பாகையில் 20 ஆண்டு என்று தங்கும் காலத்தையே குறிக்கிறது. ‘அழியா’ என்பது பொய்ச் சத்தியம். ‘தங்கு’ அவ்வளவு தூரம் போகவில்லை.

அடுத்தது, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் விழுந்தால் மிஞ்சுவது. உணரியின் வானொலி அலைபரப்பத் தொடங்கும் நொடியில் களைத்த பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென இறங்கும். அந்த நேரம் பார்த்து எழுதினால் பாதி புதியது, பாதி பழையது. இதை ‘அரைப்பதிவு’ என்றே எழுதிவிட்டேன், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. தப்பிக்க இரண்டு இடம் வேண்டும். புதிய பதிவை வரிசை எண், சி.ஆர்.சி.யோடு (தரவு பழுதில்லையா என்று சரிபார்க்கும் எண்) இரண்டாவது இடத்தில் எழுது, பழையதைத் தொடாதே. உணரி விழித்ததும் இரண்டையும் படித்து, சி.ஆர்.சி. பொருந்துவதில் பெரிய எண்ணுள்ளதை எடுத்துக்கொள்ளும்.

எழுத எழுத நினைவகம் தேயும். அந்தத் தேய்மானத்துக்கான சொல்லில்தான் எனக்கு இன்னும் குழப்பம். அதே சில்லின் ஈஈப்ராமுக்கு (EEPROM, பைட் பைட்டாக மாற்றி எழுதக்கூடிய இன்னொரு தங்கு நினைவகம்) 1,00,000 முறை எழுதும் ஆயுள். ஒரே இடத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் நாளுக்கு 1,440. எழுபதே நாளில் கணக்கு முடிந்தது. 10 பைட் பதிவை 100 இடங்களில் சுற்றிச் சுற்றி எழுதினால் ஏறக்குறைய 19 ஆண்டு வரும். இந்த உத்தியைச் சிலர் ‘தேய்மானச் சமன்’ என்கிறார்கள். எனக்கு அது கணக்குப்பிள்ளை எழுதும் வரிபோல ஒலிக்கிறது. அதோடு, இங்கே நடப்பது பகிர்வது. சமன் அதன் விளைவு. ஆகவே ‘தேய்வுப் பகிர்வு’. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

ஒரு கொசுறு: ‘தங்கு’வை ஏற்றால் வினையும் தானே கிடைக்கிறது. “கடைசி அளவீட்டைத் தங்கவைத்துவிட்டு உறங்கு” என்று நிரலின் குறிப்புரையில் எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் விளக்கம் கேட்கவில்லை.