பூட்டிய வீட்டில் உறைந்து நிற்கும் சர்வர்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

அம்பாசமுத்திரத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டில் ராஸ்பெரி பை 4 என்னும் கையளவுக் கணினி ஒன்று சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. வாசல் கேமராவின் பதிவுகளும் மூன்று தலைமுறைப் புகைப்படங்களும் அதில்தான் இருக்கின்றன. நானோ சென்னையில் இருக்கிறேன். சாவி எதிர்வீட்டு அண்ணாச்சியிடம்.

தொடக்கத்தில் அது உறைந்து நிற்பதே எனக்குத் தெரியாது. ஏனெனில் அடிக்கடி மின்சாரம் போய்வரும், அந்தச் சாக்கில் அதுவும் புதிதாக எழுந்துகொள்ளும். இன்வர்ட்டர் வைத்த பிறகுதான் வினை தொடங்கியது. மின்தடையிலிருந்து காக்கும் என்று நான் நம்பிய அதே இன்வர்ட்டர், உறைந்துபோன பெட்டியை உறைந்த நிலையிலேயே பத்திரமாகக் காத்து வைத்திருந்தது. "தம்பி, செவப்பு லைட்டு எரியத்தான் செய்யுது" என்பார் அண்ணாச்சி. எரிவது வேறு, இயங்குவது வேறு என்று தொலைபேசியில் விளக்கி, பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்வதற்குள் அவர் கடை திறக்கும் நேரம் தப்பிவிடும்.

இதற்கான மருந்து அந்தக் கணினியின் சில்லுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது. வாட்ச்டாக் என்பது கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும் ஒரு கடிகாரம். இயங்குதளம் உயிரோடிருக்கும்வரை அதை அவ்வப்போது தொட்டுப் பழைய எண்ணுக்கே திருப்பிவிடும், தொடுவது நின்றால் எண்ணிக்கை பூச்சியத்தை எட்டி, யாரையும் கேட்காமல் வன்பொருளே இயந்திரத்தை ரீபூட் செய்துவிடும். இந்தப் பலகையில் அதற்குள்ள அவகாசம் ஏறத்தாழ 15 விநாடிதான். லினக்ஸ் இயங்குதளத்தில் மற்ற சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரலான சிஸ்டம்டியின் அமைவுக் கோப்பில் 14 விநாடி என்று எழுதினேன். அதில் பாதியான 7 விநாடிக்கு ஒருமுறை அது கடிகாரத்தைத் தொடுகிறது. பொங்கலுக்குப் போனபோது இயங்குதளத்தின் மையமான கர்னலை வேண்டுமென்றே வீழ்த்திப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கிய சில விநாடிகளுக்குப் பின் பெட்டி தானே எழுந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

வாட்ச்டாக் இருந்தும் என் சர்வர் இரண்டு நாள் செயலற்றுக் கிடந்தது. யுஎஸ்பி வழியே இணைத்திருந்த ஹார்டு டிஸ்க் தொடர்பறுந்துவிட்டது. ஆனால் சிஸ்டம்டி மட்டும் கடமை தவறாமல் கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆகவே வாட்ச்டாக் என்ற பெயரிலேயே கிடைக்கும் தனி நிரலை நிறுவி, டிஸ்கில் ஒரு சிறு கோப்பை எழுதிப் படிக்க முடியாவிட்டால் ரீபூட் செய்யும்படி அமைத்தேன். ஒரே கடிகாரத்தை இருவர் பிடிக்க இயலாது என்பதால் சிஸ்டம்டியில் எழுதியிருந்த வரியை நீக்க வேண்டியிருந்தது. இதற்கு முன்பு ஒரு மடத்தனமும் செய்திருக்கிறேன். இணையம் எட்டாவிட்டால் ரீபூட் செய் என்று எழுதி வைத்திருந்தேன். தெருவில் கேபிள் அறுந்த அன்று, தன்மேல் ஒரு குற்றமும் இல்லாத அந்த இயந்திரம் விடிய விடிய விழுந்தும் எழுந்தும் கொண்டிருந்தது. இப்போது அது வீட்டு ரௌட்டரை மட்டுமே பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கிறது.

தொடங்கியவர்:

டிஸ்கைச் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணே. என்னுடையது இன்னும் எஸ்டி கார்டில்தான் ஓடுகிறது. திடீரென்று ரீபூட் ஆகும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பழுதாகலாம் என்பதால், முதலில் பதிவுகளை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் சொன்னபடி அமைக்கிறேன். அதுவரை சாவி அண்ணாச்சியிடமே இருக்கட்டும்.