அப்பாவின் மண்ணெண்ணெய் மெசினைத் திருத்துவதா, புதிது எடுப்பதா?

ஒட்டுசுட்டான்: அப்பாவின் பழைய இறைப்பு மெசின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகை தள்ளி நிற்கிறது. கச்சானுக்குத் தண்ணீர் விட வேணும். என்ன செய்யலாம்?

மாங்குளம்: அண்ணை, அவசரப்பட்டு விற்காதேங்கோ. நல்லாச் சூடேறிய பிறகுதானே மாற்றுகிறீர்கள்? அப்படியென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி இழுத்துப் பாருங்கள், கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற இறுக்கம்) கூடினால் ரிங்ஸ் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையங்கள்) தேய்ந்திருக்கும், கூடாவிட்டால் வால்வைப் பாருங்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தாலும் போரிங் செய்து, அதாவது உள்பக்கத்தைக் கடைந்து பெருப்பித்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்.

கிளிநொச்சி: கிராங்கும் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) போயிருந்தால் நான் புதிதுதான் எடுப்பேன். ஆனால் உதிரிச் சாமான் வவுனியாவிலாவது கிடைக்கிற மெசினாகப் பாருங்கள்.

மாங்குளம்: சரி. எதுவென்றாலும், அடுத்த முறை ஸ்டார்ட் ஆக, பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிற்பாட்டுங்கள். எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலக்கும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றுங்கள்.