செக்பாக்ஸில் மூன்றாவது நிலையை எப்படிக் காட்டுவது?

வரிக்குதிரை:
டாக்குமென்ட் எடிட்டர் ஒன்றில் பத்தி அமைப்புகளுக்கான டயலாக் பெட்டி (அமைப்புகளை மாற்றத் திறக்கும் சிறு ஜன்னல்) செய்துகொண்டிருக்கிறேன். வேர்டில் 'கீப் வித் நெக்ஸ்ட்' என்று ஒன்று இருக்குமே, தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நின்று அதன் பத்தி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அதற்கு மூன்று நிலை. ஆன், ஆஃப், அப்புறம் பயனர் ஒன்றும் சொல்லாததால் ஸ்டைலில், அதாவது பல பத்திகளுக்குப் பொதுவாகப் பெயரிட்டு வைத்த அமைப்புத் தொகுப்பில், இருப்பதே வருவது. செக்பாக்ஸிலோ இரண்டுதான். டிக் இல்லையென்றால் வேண்டுமென்றே அணைத்ததா, யாரும் தொடவே இல்லையா என்று தெரியவில்லை. கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்டு மூன்றாவது நிலை என்று சொல்லிவிடலாமா?

மூணாவதுபெஞ்ச்:
கோடு வேண்டாம், அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. நாலு பத்தியைத் தேர்ந்தெடுத்து அதில் இரண்டில் மட்டும் ஆன் ஆக இருந்தால் வேர்ட் டிக்கும் காட்டாது, காலியாகவும் விடாது, நடுநிலையில் ஒரு குறி காட்டும். பிரவுசரில் செக்பாக்ஸுக்கு உள்ள இன்டிடெர்மினேட் (டிக்கும் இல்லை, காலியும் இல்லை) நிலையும் 'கலவை' என்றுதான் பொருள்படும், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் பாதி டிக் என்கிற மாதிரிதான் வாசிக்கும். அதே குறியை நீங்கள் 'ஸ்டைலில் உள்ளபடி' என்பதற்கும் வைத்தால் பல பத்திகளைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன காட்டுவீர்கள்? பேசாமல் டிராப்டவுன் வையுங்கள். 'ஸ்டைல்படி, இப்போது ஆன்', 'எப்போதும் ஆன்', 'எப்போதும் ஆஃப்'. அந்த 'இப்போது ஆன்' முக்கியம், அது இல்லாமல் வெறும் 'டிஃபால்ட்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

வரிக்குதிரை:
ஒன்று என்றால் சரி. இந்த டயலாக்கில் இப்படி ஏழெட்டு இருக்கிறது, எல்லாம் டிராப்டவுன் ஆனால் வருமானவரிப் படிவம் மாதிரி ஆகிவிடுமே.

அடைப்புக்குறி:
நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே கட்டத்தில் அடைக்கப் பார்க்கிறீர்கள். இப்போது என்ன நடக்கிறது என்பது ஒன்று, அது எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. முதலாவதை டிக் சொல்லட்டும். ஸ்டைலில் ஆன் என்றால் யாரும் தொடாவிட்டாலும் டிக் இருக்கட்டும். இரண்டாவதற்குப் பக்கத்தில் தனி அடையாளம். விஎஸ் கோட் என்ற புரோகிராம் எழுதும் எடிட்டரில் நாம் மாற்றிய செட்டிங்குக்கு மட்டும் இடது ஓரத்தில் ஒரு நிறக்கோடு வரும், கியரை அழுத்தினால் ரீசெட் இருக்கும், அதே யோசனைதான். லிப்ரே ஆஃபிஸ் 7.1இல் 2021இல் வந்த ஸ்டைல்ஸ் இன்ஸ்பெக்டரைத் திறந்து பாருங்கள், எது பத்தி ஸ்டைலிலிருந்து வந்தது, எது நேரடியாகப் போட்டது என்று பிரித்துக் காட்டும். உங்கள் டயலாக்கில் அவ்வளவு வேண்டாம், மாற்றிய வரியில் மட்டும் 'ஸ்டைலுக்குத் திரும்பு' என்று ஒரு பட்டன் போதும். வெறும் நிறத்தை நம்பாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் பயன்படுத்துவார்கள்.

வரிக்குதிரை:
இது பிடித்திருக்கிறது. ஆனால் ஒருவர் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுகிறார், மதிப்பு இப்போது ஸ்டைலில் இருப்பதும் அதுவும் ஒன்றுதான். அதை மாற்றியதாகக் கணக்கு வைப்பதா, பழையபடி தொடாததாக்கிவிடுவதா?

அடைப்புக்குறி:
மாற்றியதாகவே வையுங்கள், பட்டனும் நிற்கட்டும். நாளைக்கு ஸ்டைலில் அதை ஆஃப் செய்தால் இந்தப் பத்தி மட்டும் மாறாது, சிலருக்கு வேண்டியதே அதுதான். ஸ்டைலில் உள்ள மதிப்பையே பூட்டி வைக்க இரண்டு கிளிக் ஆகும், அது இந்த வழியில் இருக்கும் குறைதான், அடிக்கடி தேவைப்படாது என்பதால் விட்டுவிடலாம்.

மூணாவதுபெஞ்ச்:
சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆன்/ஆஃப் மட்டும் உள்ள பூலியன் அமைப்புகளுக்கு இது மேல். எண் பெட்டிகளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். பத்திக்கு மேல் இடைவெளி 0 என்பதும் பெட்டி காலி என்பதும் ஒன்றல்ல. ஸ்டைலின் மதிப்பைப் பெட்டிக்குள் மங்கலாகக் காட்டினால் பெட்டியே முடக்கப்பட்டது போலத் தெரியும், அதனால் கீழே 'ஸ்டைலில்: 12 பாயிண்ட்' என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று, பெயரை நேர்மறையாக வையுங்கள். ஒரே ஸ்டைல் பத்திகளுக்கு நடுவே 'இடைவெளி சேர்க்காதே' என்று வேர்டில் ஒரு செக்பாக்ஸ் இருக்கிறது, டிக் எடுத்தால் இடைவெளி வரும். அதில் 'ஸ்டைல்படி'யும் சேர்ந்தால் பயனர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

அடைப்புக்குறி:
கீபோர்டையும் மறக்காதீர்கள். வேர்டில் கன்ட்ரோல்+க்யூ அழுத்தினால் பத்தியில் நேரடியாகப் போட்ட மாற்றங்கள் போய் ஸ்டைலுக்குத் திரும்பிவிடும். உங்கள் பட்டனுக்கும் அதையே கொடுத்தால் பழகினவர்கள் டயலாக்கையே திறக்க மாட்டார்கள்.