வீட்டுப் பட்டறைக்கு பேண்ட் சா: 40,000 ரூபாய்க்குள் எது தேறும்?

நடைவண்டி (பொள்ளாச்சி)
வணக்கம். கார் ஷெட்டில் பாதியை மரவேலைக்கு ஒதுக்கி நடைவண்டி, பல்லாங்குழி, சின்னப் பெட்டிகள் செய்கிறேன். இதுவரை ஜிக் சாவும் கைரம்பமும்தான். மரமெல்லாம் இடித்த ஓட்டு வீடுகளில் வாங்கிய தேக்கு, பலாக் கைமரங்கள், 3க்கு 5 இஞ்ச். இதை அரை இஞ்ச் பலகையாக அறுக்கணும். மில்லில் கேட்டால், ஆணி இருக்கும் பழைய மரம் என்று தொடவே மாட்டேன் என்கிறார்கள். அதனால் பேண்ட் சா, அதாவது இரண்டு சக்கரங்களில் நாடா போல் சுற்றி ஓடும் ரம்ப மெஷின், வாங்க நினைக்கிறேன். ஆன்லைனில் 9, 10 இஞ்ச் மெஷின்கள் பட்ஜெட்டுக்குள் வருகின்றன. கோவையில் ஒருவர் பழைய 14 இஞ்ச் வார்ப்பிரும்பு மெஷின் தருகிறேன் என்கிறார். ஆனால் த்ரீ ஃபேஸ் மோட்டார், என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். எதற்குப் போகலாம்?

சேலம்_சீவுளி
என்னிடம் 9 இஞ்ச் இருக்கு. ப்ளைவுட், ரெண்டு இஞ்ச் மரம், பொம்மை வளைவு எல்லாம் அருமையாகப் போகும். ஆனால் இந்த சைஸில் பல மாடலில் நாலு இஞ்சுக்கு மேல் மரமே நுழையாது. உங்கள் கைமரத்தை நிமிர்த்தி வைக்கவே முடியாதே!

பீளமேடு_பேட்டர்ன்
தம்பி, நான் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதான் இரும்பு வார்க்கற அச்சுக்கு மர மாதிரி, செஞ்சே தலை நரைச்சவன். கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

14 இஞ்ச்ங்கறது சக்கரத்தோட விட்டம். எவ்வளவு உயர மரம் நுழையும்ங்கறது வேற கணக்கு. 14ல பொதுவா ஆறு இஞ்ச் நுழையும், உங்களுக்கு அது போதும். வார்ப்பிரும்புக்கு நான் ஓட்டுப் போடறதுக்குக் காரணம் பிளேடு டென்ஷன். அகல பிளேடை இழுத்துக் கட்டினா சின்ன மெஷினோட மெலிசான ஃபிரேம் வளைஞ்சு குடுத்துரும். அப்புறம் பிளேடு தளர்ந்து மரத்துக்குள்ள வயிறு தள்ளும். பலகை ஒரு இடத்துல தடிப்பா, ஒரு இடத்துல மெலிசா வரும். மோட்டார் பவரை ஏத்தி இதைச் சரிபண்ண முடியாதுங்க.

பார்க்கப் போறப்ப பிளேடைக் கழட்டச் சொல்லிட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க. கரகரன்னா பேரிங் போயிருக்கு. சக்கரத்து மேல ஒட்டியிருக்கற டயர் ரப்பர் வெடிச்சிருக்கலாம். ரெண்டும் மாத்தற சாமான்தான், அதைச் சொல்லியே விலையைக் குறைங்க. ஆனா ஃபிரேம்லயோ சக்கரத்துலயோ விரிசல், வெல்டிங் தழும்பு தெரிஞ்சா, குடுத்த டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிருங்க.

பிளேடுக்கு வருவோம். பலகை போட நாலு நூல் (அரை இஞ்ச்) அகலம், இஞ்சுக்கு 3 பல். தூள் வெளியேற பல்லுக்கு நடுவுல இடம் வேணும். அஞ்சு இஞ்ச் மரத்துல பொடிப்பல் பிளேடு விட்டா தூள் அடைச்சு, சூடேறி, தேக்கு கருகும். நடைவண்டிச் சக்கரம் நாலு இஞ்ச் விட்டம்னு வெச்சுக்கங்க, ஆரம் ரெண்டு. நாலு நூல் பிளேடு ரெண்டரை இஞ்ச் ஆரத்துக்குக் கீழ திரும்பாது. அதுக்கு மூணு நூல், இஞ்சுக்கு 6 பல். மேடைல ஒரு பலகையை வெச்சு, நடுவுல ஆணி நட்டு, கட்டையை அதுல சொருகிச் சுத்துங்க. ஆணி பல்லு முனைக்கு நேர் பக்கவாட்டுல இருக்கணும். முன்ன பின்ன இருந்தா வட்டம் வராது, பிளேடு வெளிய ஓடப் பார்க்கும்.

நடைவண்டி (பொள்ளாச்சி)
ரொம்ப நன்றிங்க ஐயா. அந்த த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு என்ன செய்ய? விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் கருவி) போட்டால் ஓடும் என்கிறார் விற்கிறவர்.

சேலம்_சீவுளி
230 வோல்ட் உள்ளே விட்டால் சாதாரண விஎஃப்டியில் த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு வேண்டிய 415 வோல்ட் வெளியே வராது. மோட்டார் மேல் ஒட்டிய விவரத் தகட்டில் 230 வோல்ட் டெல்டா இணைப்பு (சுருள்களை முக்கோணமாக இணைப்பது) என்று போட்டிருந்தால் மட்டும் யோசிங்க. இல்லையென்றால் 1440 ஆர்பிஎம் சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக மாற்றுவதே நிம்மதி. பலகை அறுக்க ஒன்றரை எச்பி.

பீளமேடு_பேட்டர்ன்
அதேதான். மோட்டார் மாத்தறப்ப புல்லியையும் பார்த்துக்கங்க. மோட்டார்ல 3 இஞ்ச், சக்கரத்துல 5¼ இஞ்ச் இருந்தா பிளேடு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3000 அடி ஓடும், மரத்துக்குச் சரி. இரும்பு அறுக்கச் செஞ்ச மெஷினையும் பேண்ட் சான்னுதான் விப்பாங்க. அது ரொம்ப மெதுவா ஓடும், உங்களுக்கு ஆகாது.

ஆணி விஷயத்துல மில்காரரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. காந்தத்தை நாலு பக்கமும் ஓட்டிப் பாருங்க. தேக்குல தலை உதிர்ந்து போன ஆணியைச் சுத்திக் கருப்பா ஒரு கறை பிடிச்சிருக்கும், அங்க உளியால நோண்டுங்க. சந்தேகப்பட்ட கட்டைக்கு மழுங்கின பழைய பிளேடை வெச்சு முதல் அறுப்பு போடுங்க.

நடைவண்டி (பொள்ளாச்சி)
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். பிளேடு எந்த நீளம் வாங்கணும்?

பீளமேடு_பேட்டர்ன்
டெல்டா கம்பெனியோட 14 இஞ்ச் மாடல்னா 93½ இஞ்ச். நம்ம ஊர் வார்ப்பு ஒவ்வொண்ணும் ஒரு அளவு. மேல் சக்கரத்தைத் திருகோட பாதி ஏத்தத்துல நிறுத்தி, ரெண்டு சக்கரத்தையும் சுத்தி டேப் பிடிச்சு அளந்துக்கங்க. ரோல்ல இருந்து அந்த நீளத்துக்கு வெட்டி வெல்டு வெச்சுத் தருவாங்க. வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி மேடையையும் மோட்டாரையும் கழட்டிருங்க, ரெண்டு பேர் தூக்கற எடையில்லைங்க அது.