மெரினாவுல அந்தக் காலத்துல மீன் காட்சி சாலை இருந்துச்சா? வேலூர்ல ஒன்னு வர வாய்ப்பு இருக்கா?

காட்பாடிக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தாவுக்கு குடியாத்தம், லுங்கி நெசவு. சின்னப் பையனா இருக்கும்போது அவரோட நைனா கூட ரயில் ஏறி மெட்ராஸ் போய் உயிர் காலேஜ் (மிருகக்காட்சி சாலை), செத்த காலேஜ் (மியூசியம்) ரெண்டும் பாத்துட்டு சாயந்திரம் கடலாண்ட மீன் வெச்சிருந்த கட்டடத்துக்கும் போனோம், கண்ணாடிக்கு அந்தாண்ட கடல் பாம்பு நெளிஞ்சிகினு இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு. யுத்தத்துக்கு முன்னாடின்னு மட்டும் சொல்வாரு, வருஷம் சொல்லத் தெரியல. இப்ப ஈசிஆர்ல விஜிபி மெரைன் கிங்டம்னு ஒரு மீன் காட்சி சாலை இருக்கு, அது 2019ல வந்தது. அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே மெரினாவுலயே ஒன்னு இருந்துச்சா? இருந்துச்சுன்னா என்ன ஆச்சு? அப்படியே இன்னொன்னும் கேக்குறேன், வேலூர்ல இந்த மாதிரி ஒன்னு ஏன் இல்ல, கோட்டை அகழி ஓரமாவே கட்டலாமே?

பழைய மெட்ராஸ் பிரியன்
தாத்தா சொன்னது நிஜம் ப்ரோ. 1909 அக்டோபர் 21ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க, இந்தியாவுலயே முதல் பொது மீன் காட்சி சாலை அதுதான். எழும்பூர் மியூசியத்துக்கு சூப்பரின்டென்டென்ட்டா இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. அவரை இன்னிக்கு எல்லாரும் சாதி, பழங்குடி பத்தி எழுதினவர்னுதான் நினைக்கிறாங்க, ஆனா அவரு மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிப்பு, பவளப்பாறைன்னு கடலுக்குள்ள இருக்கிறதையும் நல்லா ஆராய்ச்சி பண்ணவரு, அதனால மியூசியத்துல சாராய பாட்டில்ல வெறைச்சிகினு கிடக்கிற மீனை ஜனங்க உயிரோட பாக்கணும்னு அவருக்குத் தோணினதுல ஆச்சரியமே இல்ல. திறக்கும்போது அவரு ரிடையர் ஆயிட்டாரு, அவருக்கு அப்புறம் வந்த ஹென்டர்சன்தான் நடத்தினாரு. 1919ல மியூசியம் கையில இருந்து மீன்வளத் துறைக்குப் போச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எங்கியோ வெளிநாட்டுல இருந்து கலர் மீன் கொண்டாந்து வெக்கல. நம்ம மெட்ராஸ் கடல்ல கட்டுமரத்துல போறவங்க வலையில மாட்டுற மீனுங்கதான் கண்ணாடிக்குள்ள நீந்தினது. தாத்தா பாத்த கடல் பாம்பு கூட அப்படி வந்ததாத்தான் இருக்கும்.

ஆசியாவுலயே முதல்னு நிறைய பேரு எழுதுறாங்க, அது சரியில்ல. டோக்கியோ உவேனோ மிருகக்காட்சி சாலையில 1882லயே மீன் பாக்குற கூடம் இருந்துச்சு. உலகத்துல முதல்னா லண்டன் மிருகக்காட்சி சாலை, 1853.

ஆற்காடு ஐயா
தம்பி, என்ன ஆச்சுன்னு கேட்டீங்களே, அதுக்கு நான் சொல்றேன். 1942தான் அதுக்கு முடிவு. அந்த வருஷம் ஏப்ரல் 6ல ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டதும் அடுத்தது மெட்ராஸ்தான்னு பீதி கிளம்பிருச்சு, சர்க்காரே ஊரைக் காலி பண்ணச் சொன்னாங்க, கிடைச்ச ரயில்ல ஏறி சித்தூர், வேலூர், நம்ம ஆற்காடுன்னு கடலை விட்டு உள்பக்கமா வந்து சேந்தாங்க, எங்க ஆயா வீட்டுத் திண்ணையில முன்ன பின்ன தெரியாத மெட்ராஸ் குடும்பம் ஒன்னு வந்து தங்கியிருந்துச்சாம். மிருகக்காட்சி சாலையில குண்டு விழுந்து சிங்கம் புலியெல்லாம் ஊருக்குள்ள வந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து போலீஸை விட்டு சுட்டே கொன்னுட்டாங்க, பாவம். மீன் காட்சி சாலையையும் அப்பதான் மூடினாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் மெரினாவுலயே சின்னதா ஒன்னு இருந்துச்சு, நானே போயிருக்கேன், ஆனா பழைய பேரு அதுக்கு வரவே இல்ல. அதே சமயத்துல பம்பாய்ல 1951ல தாராபோர்வாலா மீன் காட்சி சாலையை ராஜேந்திர பிரசாத் வந்து திறந்து வெச்சாரு. முதல்ல ஆரம்பிச்ச ஊரு நம்மளது, அதை யாருமே சரியா மறுபடி எடுத்து நடத்தலையேன்னு எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

தொட்டி மீன் வேலூர்
நான் சத்துவாச்சாரியில கலர் மீன் கடை வெச்சிருக்கேன் அண்ணா, சரக்கு எல்லாம் சென்னை கொளத்தூர்ல இருந்துதான் வருது. ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

கடல் மீனை வேலூர்ல வெக்கிறது முடியாததில்ல, ஆனா செலவு தாங்காது. மெரினாவுல கடல் பக்கத்துலயே இருந்துச்சு, இங்க 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கோம். லிட்டருக்கு 35 கிராம் கணக்குல உப்பு கலக்கணும், அதுவும் சாப்பாட்டு உப்பு இல்ல, கால்சியம் மெக்னீசியம் எல்லாம் சேந்த தனி உப்பு. தண்ணி ஆவியாகுறப்போ உப்பு மட்டும் தங்கிடும், வேலூர் வெயிலுக்கு தினமும் நல்ல தண்ணி ஊத்தி சரி பண்ணிகினே இருக்கணும். ஊத்துற தண்ணி போர் தண்ணியா இருந்தா அதுலயே உப்பு, அதனால ஆர்ஓ மெஷின் இல்லாம நடக்காது. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துறது பாக்டீரியாதான், அது பில்டர்ல ஊறி நிக்கவே ஒரு மாசம் கிட்ட ஆகும், அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு மீனை விட்டா மறுநாள் மேல மிதக்கும். ஒரு ராத்திரி கரண்ட் போய் ஜெனரேட்டரும் ஓடலன்னா மொத்தமும் காலி.

அதனால நான் சொல்றது நல்ல தண்ணி மீன் காட்சி சாலை. பாலாறு, மோர்தானா அணை, ஏரிங்கள்ல இருக்கிற விரால், ஆரா, கெளுத்தி, உளுவை, கெண்டை இதெல்லாம் பெரிய தொட்டியில விட்டா போதும். விரால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மேல வந்து வாயைத் தூக்கி காத்து இழுத்துட்டு சட்டுனு கீழ போவும், குட்டிங்களை செவப்பா ஒரு கூட்டமா ஓட்டிகினு காவல் காக்கும். எங்க கடையில அதைப் பாத்துட்டு பசங்க கிளம்பவே மாட்டாங்க. ஆனா இதே பசங்களுக்கு தட்டுல வர்ற ஜிலேபி தவிர வேற ஆத்து மீன் பேரு தெரியல, அதுவும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்த மீனு.

பழைய மெட்ராஸ் பிரியன்
மேல சொன்னது சூப்பர், 1909ல பண்ணதும் இதேதான், அந்த ஊரு தண்ணியில இருக்கிறதை அந்த ஊரு ஜனங்களுக்குக் காட்டுறது. ஆனா அகழி ஓரம் வேணாம். கோட்டை தொல்லியல் துறை கையில இருக்கு, சுத்தி 100 மீட்டருக்கு புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு பர்மிஷன் வாங்கணும்.

காட்பாடிக்காரன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாத்தா இருந்திருந்தா இதை அப்படியே படிச்சிக் காட்டியிருப்பேன். கோட்டை வேணாம்னா மாவட்ட அறிவியல் மையத்துல ஒரு ரூம் கேக்கலாம்ல, அங்க ஏற்கெனவே ஸ்கூல் பசங்க வந்துகினு இருக்காங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கப் போறேன். தொட்டி மீன் அண்ணா, நாலஞ்சு தொட்டி, ஆர்ஓ, ஜெனரேட்டர் எல்லாம் சேத்து தோராயமா எவ்ளோ ஆகும்னு ஒரு கணக்கு எழுதிக் குடுங்க, மனுவோட சேத்து வெக்கிறேன்.

தொட்டி மீன் வேலூர்
ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க அண்ணா, உக்காந்து போட்டுரலாம். முதல்ல விரால் தொட்டி ஒன்னுக்கு மட்டும் கேளுங்க, குடுக்கிறவங்களுக்கும் சுலபமா இருக்கும். மீன் நான் குடுக்கிறேன், காசு வேணாம்.