கடல் வரைபடத்தில் (சார்ட்டில்) திசை சரி, தூரம் மட்டும் பிழைக்கிறது. எங்கே சறுக்குகிறேன்?

வெள்ளவத்தைப் பாய்:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து நாளாக ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுகிறேன்.

இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பொல்கொட வாவியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன். வாவி அலுத்துவிட்டது. அடுத்த பருவத்தில் தெரிந்த ஒருவரின் படகில் ஆளோடு ஆளாக நீர்கொழும்பு வரையாவது, முடிந்தால் காலி வரை, கரையோரமாகப் போய்வர ஆசை. அதற்காக நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் ஒரு ஒன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டான். படிப்பிப்பவர்கள் எல்லோரும் தொண்டர்கள், ஒரு சதம் வாங்குவதில்லை. ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர்தான் எங்களுக்கு. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. தேத்தண்ணியும் கையுமாக உட்காருகிறேன். மனிதர் பொறுமையாகத்தான் சொல்லித்தருகிறார், ஆனால் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மண்டைக் கோளாறைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

பயிற்சிக்கு 1210டிஆர் என்ற சார்ட். அமெரிக்காவின் பிளொக் தீவு, மார்த்தாஸ் வின்யார்ட் பக்கத்துக் கடல். இரண்டு மிதவைகளுக்கு இடையே கோடு கீறி, தூரம் அளந்து, 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். எனக்கு 10 கடல் மைல், 2 மணித்தியாலம். விடைத்தாளில் 7.5 மைல், ஒன்றரை மணித்தியாலம். அடுத்ததில் எனக்கு 6, விடை 4.5. மூன்றாவதில் எனக்கு 4, விடை 3.

குழப்பம் என்னவென்றால், இதே முறையில் எங்கள் மேற்குக் கரைச் சார்ட்டில் கொழும்புத் துறைமுக வாசலிலிருந்து நீர்கொழும்பு வரை அளந்தேன். 15 மைல் அளவில் வந்தது. போன் ஜீ.பி.எஸ்.ஸும் அதையேதான் சொல்கிறது. ஆக முறை பிழையில்லை. விடைத்தாள்தான் பிழையோ?

தெஹிவளை 77:

வேரியேஷனை விட்டிருப்பீர்கள். அந்தக் கடலில் கொம்பஸ் முள் உண்மை வடக்கிலிருந்து 15 பாகை அளவு மேற்கே நிற்கும். கொழும்பில் இரண்டு பாகை அளவுதான், அதனால் இங்கே விட்டாலும் தெரியாது. அதைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

வெள்ளவத்தைப் பாய்:

நன்றி அண்ணா, ஆனால் அதைப் போட்டிருக்கிறேன். முதல் கணக்கில் சார்ட்டில் உண்மைத் திசை 080, மேற்கு 15ஐக் கூட்டிக் காந்தத் திசை 095. விடைத்தாளிலும் 095தான். மூன்று கணக்கிலும் திசை அப்படியே பொருந்துகிறது. தூரம்தான் கழுத்தறுக்கிறது.

பழைய சுக்கான்:

விடைத்தாளைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. உங்கள் மூன்று விடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10க்கு 7.5, 6க்கு 4.5, 4க்கு 3. மூன்றும் நாலில் மூன்று பங்கு. கை தவறினால் பிழை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். இது ஒரே விகிதத்தில் வருகிறது என்றால் அளவுகோல்தான் பிழை. டிவைடரை, அதுதான் தூரம் அளக்கும் இரட்டைக்கால் கவராயத்தை, விரித்துச் சார்ட்டின் எந்தக் கரையில் (ஓரத்தில்) வைத்து வாசித்தீர்கள்? பக்கத்துக் கரையிலா, கீழ்க் கரையிலா?

வெள்ளவத்தைப் பாய்:

கீழ்க் கரையில். பிளாட்டில் மேசை சின்னது ஐயா, சார்ட்டின் இரண்டு பக்கத்தையும் மடித்துத்தான் விரிக்க முடிகிறது. கீழ்க் கரை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கேயும் பாகையை அறுபதாக்கிக் கலை கலையாகத்தானே பிரித்திருக்கிறது?

பழைய சுக்கான்:

பிடிபட்டது. அந்த மேசைதான் குற்றவாளி.

பக்கத்துக் கரையில் இருப்பது அகலக்கோடு. அதில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1852 மீற்றர், எந்த ஊரிலும். கீழ்க் கரையில் இருப்பது நெடுங்கோடு. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும், அதனால் அங்கே ஒரு கலை என்பது இடத்துக்கு இடம் வேறு நீளம். மத்திய கோட்டில் கிட்டத்தட்ட ஒரு மைல். உங்கள் பயிற்சிச் சார்ட் 41 பாகை வடக்கு. அங்கே ஒரு கலை முக்கால் மைல்தான். கணக்கில் விருப்பம் என்றால், அகலக்கோட்டுக் கோணத்தின் கோசைன். ஆக நீங்கள் 10 என்று வாசித்தது பத்துத் தடவை முக்கால் மைல், அதாவது ஏழரை.

கொழும்பில் ஏன் மாட்டுப்படவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நாம் இருப்பது 7 பாகை வடக்கு. கோசைன் 0.99. 15 மைலுக்கு இருநூறு மீற்றர் அளவுதான் பிழைக்கும், சார்ட்டில் அது பென்சில் கோட்டுத் தடிப்பு. வாழ்நாள் முழுக்க இலங்கைக் கரையில் கீழ்க் கரையை வைத்தே அளந்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நானும் இதே பிழையைச் செய்து திட்டு வாங்கியவன்தான். இளம் வயதில் வணிகக் கப்பலில் ஏறிய முதல் மாதம், வட கடலில். அங்கே 55 பாகை, விகிதம் பாதிக்குக் கிட்ட. நல்ல காலம், இரண்டாவது அதிகாரி பார்த்துவிட்டார்.

இனிமேல் பக்கத்துக் கரையில் மட்டும். அதுவும் நீங்கள் நிற்கிற இடத்துக்கு நேரே உள்ள பகுதியில் வாசியுங்கள். மேர்க்கேற்றர் என்ற முறையில் வரைந்த இந்த மாதிரிச் சார்ட்டில் மேலே போகப் போக அகலக்கோட்டுப் பிரிவும் நீளும். கோடு கிழக்கு மேற்காக ஓடினாலும் அளவு பக்கத்துக் கரையில்தான்.

அந்தத் தொண்டர்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். அமெரிக்காவில் பவர் ஸ்குவாட்ரன் என்ற படகோட்டிகள் சங்கம் 1914இல் தொடங்கியது, கரையோரக் காவல்படையின் துணை அமைப்பான கோஸ்ட் கார்ட் ஒக்சிலியரி 1939இல். இரண்டும் தொண்டர்களை வைத்தே இப்படிப் படகுப் பாடம் நடத்துகிறவை. இந்தக் கேள்வி அவர்கள் காதில் விழாத வருடம் இருந்திருக்காது.

தெஹிவளை 77:

சரி, நான் சொன்னது பிழை. நானும் கீழ்க் கரையில்தான் இவ்வளவு நாளும் அளந்திருக்கிறேன் போல!

பழைய சுக்கான்:

இன்னொன்று, இது தூரத்தை விட முக்கியம். அமெரிக்க வகுப்பில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவையை வலப்பக்கம் வை என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய்யவைப்பார்கள். மிதவை நிறத்துக்கு உலகத்தை ஏ, பி என்று இரண்டு வலயமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் பி வலயம். நாம் ஏ வலயம். இங்கே உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வகுப்புப் பரீட்சைக்கு ஒன்று, கொழும்புக்கு மற்றது. இரண்டையும் குழப்பினால் கரையில் ஏறிவிடுவீர்கள். சாதாரண பாய்ப்படகு துறைமுக வாயிலுக்குக் கிட்டவே போகத் தேவையில்லை, அது வேறு கதை. பெரிய கப்பலுக்கு உங்களைப் பார்த்து ஒதுங்க நேரமும் இராது, இடமும் இராது.

முகத்துவாரம் மகள்:

பழைய சுக்கான் ஐயா சொன்னதோடு காற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். என் அப்பா மன்னார்க்காரர், முகத்துவாரத்தில் முப்பது வருடம் வள்ளம் ஓட்டியவர். அவருக்குச் சார்ட் தெரியாது, சோழகம் தெரியும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோழகம் என்ற அந்தத் தென்மேல் காற்று மேற்குக் கரையில் நேரே அடிக்கும். அந்த மாதங்களில் நீர்கொழும்புப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். கார்த்திகைக்குப் பிறகு சித்திரை வரைதான் உங்கள் பருவம். அப்போதும் விடியற்காலையில் தரையிலிருந்து காற்று, பின்னேரம் கடலிலிருந்து. அதை வைத்துத்தான் நீர்கொழும்புப் பாய் வள்ளங்கள் இருட்டோடு போய், கடல்காற்றோடு திரும்பும்.

வகுப்பில் வற்றுப்பெருக்கு அட்டவணைக்கு ஒரு முழுப் பாடம் இருக்கும். படியுங்கள், ஆனால் இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அந்த நேரத்தை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கைக்குக் கொடுங்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடல் என்று தமிழிலேயே தருவார்கள். அதில் காற்று மணிக்கு கிலோமீற்றரில் வரும், உங்கள் பாடம் நொட்டில். 1.85ஆல் வகுத்தால் நொட். மணிக்கு 50 என்று சொன்னால் 27 நொட், வீட்டில் இருங்கள்.

இரவில் போக வேண்டாம் என்பது என் கருத்து. வலைகள் மைல் கணக்கில் மிதக்கும், நுனியில் உள்ள விளக்கு எரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வெள்ளவத்தைப் பாய்:

ஐயா, அக்கா, கையெடுத்துக் கும்பிட வேண்டும். சாப்பாட்டு மேசையை இரவு மனைவியிடம் கடன் கேட்டு வாங்கி, சார்ட்டை முழுதாக விரித்துப் பக்கத்துக் கரையில் அளந்தேன். முதலாவது 7.5, இரண்டாவது 4.5, தொட்டாற்போல வந்தது. மூன்றாவது மட்டும் 3.1. காரணம் டிவைடரின் ஒரு கால் ஆடுகிறது. திருகாணியை இறுக்கியாயிற்று, நாளை விடிய ஐந்தரைக்குத் திரும்ப அளக்கிறேன்.